அப்பாவின் அம்பாசடர் ரேடியோ

மஞ்சளுக்கு மண் அணைச்சு முடிஞ்சுது. ரெண்டு நாளா தூறல் விடலை. காட்டுக்கு ஆளும் வரலை, எனக்கும் வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன்.

இது விவசாயம் பத்தினது இல்லைங்க. எங்க சாளையில நிக்கிற அம்பாசடர் காரைப் பத்தினது. இன்னும் சரியாச் சொன்னா, அந்தக் காருக்குள்ள இருக்கிற ரேடியோவைப் பத்தினது. போன மாசம் கன்னுக்குட்டி படம் போட்டிருந்தப்போ, ஓரத்துல தெரிஞ்ச காரைப் பார்த்துட்டுச் சென்னையில இருந்து ஒரு நண்பர் போன் பண்ணி, "அது இன்னும் ஓடுதுங்களா? உள்ளே எல்லாம் பழையபடியே இருக்குதா?"ன்னு கேட்டார். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிட்டேன். ஓடுது. ரெண்டாவது கேள்விக்குப் பதில் ஒரு வார்த்தையில முடியாது. அதான் இந்தக் கதை.

கார் 1982-ல வாங்கினது. மார்க் 4, பெட்ரோல் வண்டி, பால் வெள்ளை. அந்த வருஷம் மஞ்சள் நல்ல விலைக்குப் போச்சு. பணம் இருந்தாலும் கடைக்குப் போனதும் கார் கிடைக்கிற காலம் இல்லை அது. பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கணும். அப்பா காத்திருந்து வாங்கினார். எங்க ஊருக்கே அதுதான் ரெண்டாவது கார். கல்யாணத்துக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான். பாம்பு கடிச்சவங்களைத் தூக்கிப் போட்டுட்டு கோபிக்கு ஓடினதும் அதுலதான். 2014-ல கல்கத்தாப் பக்கம் உத்தரபாரா தொழிற்சாலையில அம்பாசடர் தயாரிக்கிறதை நிறுத்தினப்போ, செய்தியைக் கேட்டுட்டு அப்பா சொன்னார்: "நம்ம வண்டிக்கு இனிமே தம்பி தங்கச்சி பொறக்காது."

ரேடியோ, கார் வித்தவங்களே வெச்சுக் கொடுத்தது. கறுப்புத் தகரப் பெட்டி, முன்னால குரோம் பட்டை. இடது பக்கம் ஒரு குமிழ், வலது பக்கம் ஒரு குமிழ், நடுவுல எண் எழுதின கண்ணாடி, அதுக்குள்ள ஒரு சிவப்பு முள். கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு பொத்தான். அது வெளியே இருந்தா மத்திய அலை, அழுத்தினா சிற்றலை. அவ்வளவுதான். அப்பெல்லாம் ரேடியோ வெச்சிருந்தா லைசென்ஸ் எடுக்கணும். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி, சின்னப் புஸ்தகத்துல முத்திரை வாங்கணும். எண்பதுகளின் நடுவுல அதை எடுத்துட்டாங்க. ஆனா அந்தப் புஸ்தகம் இன்னும் எங்க கார் டேஷ்போர்டு பெட்டியில இருக்குது. என் பொண்ணு அதைப் பார்த்துட்டு, "பாட்டுக் கேக்கறதுக்கு லைசென்ஸா?"ன்னு சிரிச்சா.

பாட்டுக்கு மட்டும் இல்லை. எங்க பக்கத்து விவசாயத்துல ரேடியோவுக்கு ஒரு இடம் இருந்துச்சு. டெல்டாப் பக்கம் அறுபதுகள்ல ஆடுதுறை 27 நெல் வந்தப்போ, அதைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித்தான் ஜனங்க விதைச்சாங்க. அதனால அதுக்கு 'ரேடியோ நெல்'னே பேர் விழுந்துடுச்சு. அப்பாவுக்கு அப்போ இள வயசு. இங்கே எங்களுக்குக் கொடிவேரி அணையில இருந்து தடப்பள்ளி வாய்க்கால் தண்ணி. அந்த நெல்லை அவர் பயிர் பண்ணினாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா ரேடியோவில சொன்னா அது மெய்யின்னு நம்பற பழக்கம் அவருக்கு அந்தக் காலத்துல வந்ததுதான்.

நடவு நாள்ல காரை வாய்க்கால் கரையில நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வெச்சு, கோயம்புத்தூர் ஸ்டேஷனைப் போட்டு விட்டுடுவார். 999 கிலோஹெர்ட்ஸ். நடவு நடற பொம்பளைங்க குனிஞ்சபடியே கேட்டுக்கிட்டு நடுவாங்க. பேட்டரி போயிடுமேன்னு அம்மா சத்தம் போடுவாங்க. ராத்திரி ஆனா சிற்றலைப் பொத்தானை அழுத்திச் சிலோன். நாங்க குழந்தைங்க பின் சீட்டுல படுத்துக்கிட்டுக் கேப்போம். மத்திய அலையிலயும் பகல்ல வராத ஸ்டேஷனெல்லாம் ராத்திரியில வரும். பகல்ல அந்த அலை தரையை ஒட்டிக் கொஞ்ச தூரம்தான் போகும், ராத்திரியில மேல் வானத்துல பட்டுத் திரும்பி ரொம்பத் தூரம் வரும்னு பின்னாடி பள்ளிக்கூடத்துல படிச்சேன். அன்னைக்கு எங்களுக்கு அது அப்பா செய்யற வித்தை.

அந்த ரேடியோ ஊமையாகி ஆறு வருஷம் ஆச்சு. யாரும் கண்டுக்கலை. வீட்டுல டிவி இருக்குது, கையில போன் இருக்குது. கார் ரேடியோ யாருக்கு வேணும்?

அப்பாவுக்கு வேணும்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

அவருக்குக் கண்ணுல பிரஷர். டாக்டருங்க கிளாக்கோமான்னு சொல்றாங்க. வலி இருக்காது. ஓரப் பார்வையில ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே தின்னுக்கிட்டு வரும். போனது போனதுதான், திரும்பி வராது, மிச்சம் இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம், அவ்வளவுதான். நாங்க கண்டுபிடிச்சது லேட்டு. வரப்புல தடுமாறுறார்னா வயசாச்சுன்னு நினைச்சோம். உங்க வீட்டுல நாப்பது தாண்டினவங்க இருந்தா, கண்ணாடி மாத்தப் போறப்போ கண் பிரஷரையும் ஒரு தடவை பார்த்துடச் சொல்லுங்க. இந்த எழுத்துல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

இப்போ அவருக்கு எழுபத்தொன்பது. வெளிச்சமும் நிழலும் தெரியுது. ஆள் வந்து நின்னா தெரியுது, யாருன்னு தெரியலை.

பார்வை போறப்போ கூடவே என்னென்ன போகுதுன்னு பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் தெரியுது. முதல்ல பேப்பர் போச்சு. அப்புறம் டிவி. பட்டன் போன் ஒண்ணு வெச்சிருந்தார். அஞ்சாம் நம்பர் பட்டன் மேல சின்னப் புள்ளி மேடா இருக்கும் பாருங்க, அதைத் தடவிப் பார்த்தே எல்லா நம்பரும் போடுவார். அது தண்ணித் தொட்டியில விழுந்து கெட்டுப்போனப்போ, நான் பெருமையா ஒரு தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். "வழவழன்னு இருக்குது தம்பி. கைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

சின்ன எஃப்.எம். ரேடியோவும் வாங்கிக் கொடுத்தேன். பதினாறு பட்டன், எல்லாம் ஒரே மாதிரி. எதையோ அழுத்தினா எதுவோ ஆகுது. யாரையாவது கூப்பிட்டுத்தான் சரி பண்ணணும். கூப்பிடறது அவருக்குப் பிடிக்காது. அறுபது வருஷம் பண்ணையம் பார்த்தவர், ஒரு ரேடியோ போடறதுக்கு மருமகளைக் கூப்பிடணும்னா எப்படி இருக்கும்? அதையும் மேசை மேல வெச்சுட்டார்.

ஆனா சாயங்காலம் ஆனாக் காருக்குப் போயிடுவார். சாளைக்குப் போற வழி அவர் காலுக்குத் தெரியும். கதவைத் திறந்து டிரைவர் சீட்டுல உட்கார்ந்துக்குவார். ஓட்டறதை விட்டு வருஷக்கணக்கு ஆச்சு. சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மாட்டுக்குத் தட்டுப் போடப் போனப்போ எட்டிப் பார்த்தேன். இடது குமிழைத் திருகிக்கிட்டு இருந்தார். டிக். திரும்ப மூடினார். டிக். செத்துப்போன ரேடியோவைப் போட்டு அணைச்சுக்கிட்டு இருந்தார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ரேடியோவைப் பேச வைக்கணும்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல போனது ஈரோட்டுல ஒரு கார் அலங்காரக் கடைக்கு. பையன் டேஷ்போர்டைப் பார்த்துட்டு, "இதையெல்லாம் யாருங்க இப்ப வெப்பாங்க? அறுத்து எடுத்துட்டுப் பெரிய டச் ஸ்கிரீனாப் போட்டுடலாம்"ன்னான். இப்போ வர்ற கார் ஸ்டீரியோ எல்லாம் ஒரே அளவு. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். திரை வெச்சதுன்னா உயரம் ரெண்டு மடங்கு. பழைய ரேடியோவோட ஓட்டை அந்த அளவுல இல்லை, அதனால தகட்டை வெட்டணும். வெட்டினா வெட்டினதுதான். பையன் கையில கட்டிங் மெஷினையே எடுத்துட்டான். வேண்டாம் தம்பின்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டேன்.

பழைய கார் வெச்சிருக்கிற பலரும் வேற ஒரு வழி பண்றாங்க. பழைய ரேடியோவைப் பொம்மை மாதிரி இருந்த இடத்துலயே விட்டுட்டு, புது ஸ்டீரியோவைச் சீட்டுக்கு அடியிலயோ டேஷ்போர்டு பெட்டிக்குள்ளயோ ஒளிச்சு வெச்சுடுவாங்க. எதையும் வெட்ட வேண்டாம், நல்ல வழிதான். மூணாவது வழி, பழைய பெட்டியோட முகத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, வயித்தை மட்டும் மாத்தறது. எனக்கு அதுதான் பிடிச்சுது.

என் மச்சினன் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன், கோயம்புத்தூர்ல வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான். பெட்டியைக் கழட்டிப் பழைய போர்டை வெளியே எடுத்தோம். புளூடூத், எஃப்.எம்., பென் டிரைவ் எல்லாம் சேர்ந்த புது போர்டு ஒண்ணு, அதுக்கு ஒரு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர், உள்ளே வெச்சோம். குமிழ் ரெண்டும் பழசேதான். ஆனா அதுக்குப் பின்னால இருந்த கம்பியில புது மாதிரிச் சுழலியைப் பொருத்தினான். எந்தப் பக்கமும் முட்டாமச் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு அழுத்து அழுத்தினா ஆன், ரெண்டு செகண்ட் அழுத்திப் பிடிச்சா ஆஃப். சிவப்பு முள்ளுக்கு வேலை இல்லை. அதை 999-க்குப் பக்கத்துல ஒட்டி வெச்சுட்டான். கண்ணாடிக்குப் பின்னால பழைய பல்பு நிறத்துலயே மஞ்சள் எல்.இ.டி. "மாப்ளே, கண்டுபிடிக்கவே முடியாது"ன்னான். உண்மைதான், முடியலை. படம் எடுத்துச் சொந்தக்காரங்களுக்கு அனுப்பினேன். "அப்படியே 1982 மாதிரி இருக்குது"ன்னு பதில் வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு.

சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் சொல்லலை. உட்கார வெச்சுட்டு, "போட்டுப் பாருங்கப்பா"ன்னேன்.

கை நேரா இடது குமிழுக்குப் போச்சு. திருகினார். டிக் சத்தம் வரலை. இன்னும் திருகினார். சுத்திக்கிட்டே இருந்துச்சு. "அழுத்துங்கப்பா"ன்னேன். அழுத்தினார். என்னமோ ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல புளூடூத் ரெடின்னு சொல்லுச்சு. கையைச் சட்டுன்னு எடுத்துட்டார். அப்புறம் வலது குமிழைப் பிடிச்சு இடது பக்கமாச் சுத்தினார். சுத்தினார், சுத்தினார், எங்கேயும் போய் முட்டலை. நின்னுட்டார்.

"இது நம்ம வண்டி இல்லையே, தம்பி."

கோபமாச் சொல்லலை. சந்தேகமாத்தான் கேட்டார். கதவை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

எனக்கு அப்போத்தான் உறைச்சுது. நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டது தோற்றத்துக்கு. பழைய நிறம், பழைய குரோம், பழைய முள். அதெல்லாம் யார் பார்க்கறதுக்கு? எனக்கும், நான் படம் அனுப்பின ஜனங்களுக்கும். அந்த ரேடியோ யாருக்கு வேணுமோ அவருக்குக் கண்ணே இல்லை. அவருக்குப் பழைய ரேடியோன்னா அந்த டிக், அந்தக் குமிழோட இறுக்கம், போய் முட்டற இடம். அதை மூணையும்தான் நாங்க கழட்டி எடுத்துட்டோம். கண்ணுக்குப் பழசா இருந்துச்சு, கைக்குப் புதுசாயிடுச்சு.

நல்ல வேளை, பழைய போர்டைத் தூக்கிப் போடலை. நட்டு, போல்ட்டு, டயல் நூல், எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன். இது காட்டு வேலை கத்துக் கொடுத்த பழக்கம். எந்த மோட்டாரைக் கழட்டினாலும் வேலை முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் பழைய சாமானைத் தூக்கிப் போடறதில்லை.

டப்பாவை எடுத்துட்டு கோபியில ஒரு ரேடியோக்கார அண்ணன்கிட்டப் போனேன். எழுபது வயசு இருக்கும். இப்போ மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கார். போர்டைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை மாத்திக்கிட்டார். "இதைச் செய்யறதுக்கு ஆள் கேட்டு வந்து பத்து வருஷம் ஆச்சுங்க"ன்னார். எனக்கு ஸ்டூல் போட்டு உட்கார வெச்சு ஒண்ணொண்ணாக் காட்டினார்.

வீட்டு ரேடியோவில ஸ்டேஷன் பிடிக்கத் தகடு தகடாச் சுழலுற கேங் கண்டன்சர் இருக்கும். கார் குலுங்கும், தகடு ஆடினா ஸ்டேஷன் நழுவும். அதனால கார் ரேடியோவில வேற ஏற்பாடு. கம்பிச் சுருளுக்குள்ள ஒரு சின்னக் குச்சி உள்ளே போய் வெளியே வரும். குமிழைத் திருகினா குச்சியும் நகருது, நூல் இழுத்து முள்ளும் நகருது. ரெண்டு கோடியிலயும் முட்டி நிக்கும். "இது கெடவே இல்லைங்க"ன்னார். கெட்டது என்னன்னா, எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சருங்க. உள்ளே இருக்கிற ஈரம் காஞ்சுபோச்சு. நாப்பது வருஷத்துக்குப் பக்கத்துல ஆனா எல்லாத்துக்கும் வர்ற வியாதிதான். வால்யூம் கண்ட்ரோல்ல தூசி. ஸ்பீக்கர்ல காகிதம் கிழிஞ்சிருந்துச்சு, எலி வேலை. கண்டன்சர் எல்லாம் மாத்தினார். வால்யூமைச் சுத்தம் பண்ணினார். அதே அளவு, அதே 4 ஓம் ஸ்பீக்கர் புதுசா வாங்கிப் பழைய சல்லடைக்குப் பின்னால வெச்சோம்.

சும்மா ரிப்பேர் பண்ணி வெச்சா மத்திய அலை மட்டும்தான். சிற்றலைப் பக்கம் கேக்கறதுக்கு இப்போ பெருசா ஒண்ணும் இல்லை. அப்போ அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னார். "பொத்தான் ரெண்டு பக்கம் போகுதுல்லைங்க? மத்திய அலையைத் தொட வேண்டாம். சிற்றலைப் பக்கத்தைப் போனுக்குக் கொடுத்துடலாம்." அதாவது, பொத்தான் வெளியே இருந்தா பழைய ரேடியோ. அழுத்தினா, அந்த இடத்துல புளூடூத்ல வர்ற சத்தம் பழைய ரேடியோவோட வால்யூம் கண்ட்ரோலுக்கே போகும். பழைய ஆம்ப்ளிஃபயரே அதையும் பாடும். குமிழ் ஒண்ணுதான், டிக் ஒண்ணுதான்.

மச்சினனும் அண்ணனும் போன்ல பேசிக்கிட்டாங்க. புளூடூத்ல இருந்து இடது, வலதுன்னு ரெண்டு சத்தம் வரும். பழைய ரேடியோவுக்கு ஒரே காதுதான். ரெண்டு கம்பியையும் நேராச் சேர்த்து முறுக்கக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெசிஸ்டர் வெச்சு அப்புறம் சேர்க்கணும், நடுவுல ஒரு கண்டன்சரும் போடணும். அப்படித்தான் செஞ்சாங்க. புளூடூத் போர்டுக்கு 5 வோல்ட் வேணும், காரோட பேட்டரி 12 வோல்ட். மச்சினன் சின்ன பக் கன்வெர்ட்டர் ஒண்ணு கொடுத்தான். வெச்சு ரேடியோவைப் போட்டா, கோயம்புத்தூர் ஸ்டேஷன் மேல ஈ மொய்க்கிற மாதிரி ஒரே இரைச்சல். அந்தக் கன்வெர்ட்டர் வேகவேகமா ஆன், ஆஃப் பண்ணித்தான் வோல்டேஜைக் குறைக்குதாம். அந்தச் சத்தத்தை மத்திய அலை பிடிச்சுக்குது. அண்ணன் அதைக் கழட்டிட்டு, டிராயர்ல இருந்து பழைய 7805 ஒண்ணை எடுத்து வெச்சார். "இது கொஞ்சம் சூடாகும். ஆனா வாயைத் திறக்காதுங்க." புளூடூத் போர்டைத் தனியா ஒரு தகர டப்பாவுல வெச்சு, டப்பாவைப் பாடியோட சேர்த்து எர்த் பண்ணினார். இரைச்சல் நின்னுடுச்சு.

வீட்டுல பழைய கார் வெச்சுக்கிட்டு இதைச் செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி பேட்டரியோட எந்த முனை பாடியில சேர்ந்திருக்குதுன்னு பாருங்க. எங்க வண்டியில மைனஸ்தான். அதைவிடப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பிளஸ் பாடியில இருக்கும். அதுல இப்போ வர்ற போர்டை அப்படியே மாட்டினா புகைஞ்சு போயிடும். வாங்கற சாமான் எதுவும் விலை அதிகம் இல்லை. தகட்டை மட்டும் வெட்டாதீங்க. நாளைக்கு உங்களுக்கே மனசு மாறினா திரும்பிப் போக வழி இருக்கணும்.

மொத்தம் மூணு வாரம் ஆச்சு. மாட்டிட்டு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவை "போட்டுப் பாருங்க"ன்னு கூடச் சொல்லலை. பேசாம வெளியே நின்னுக்கிட்டேன்.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். போன தடவை பயந்த பயம். அப்புறம் இடது குமிழ். டிக். உர்ருன்னு ஒரு சத்தம். கை வலது பக்கம் போச்சு. குமிழை இடது கோடி வரைக்கும் திருப்பி முட்ட வெச்சார். அங்கே இருந்து மெதுவா வலது பக்கம். ஒரு சுத்து. ரெண்டு சுத்து. வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தார். அப்புறம் ஒரு மயிரிழை. கோயம்புத்தூர் வந்துடுச்சு.

இத்தனை வருஷம் அவர் முள்ளைப் பார்த்துத்தான் ஸ்டேஷன் வைக்கிறார்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் முள்ளைப் பார்த்ததே இல்லை போல. ராத்திரியில வண்டி ஓட்டிக்கிட்டே, கண்ணை ரோட்டுல வெச்சுக்கிட்டே, எண்ணி எண்ணித் திருப்பின கை அது. முட்டற இடம் இல்லைன்னா எங்கே இருந்து எண்ணறது? மச்சினன் வெச்ச சுழலியில அவர் தொலைஞ்சு போனது அதனாலதான்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கிறயா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அம்மா இருந்த வரைக்கும் அம்மா கேட்டுக்கிட்டு இருந்த கேள்வி அது.

சிற்றலைப் பொத்தானைப் பத்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன். என் பொண்ணு கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறா. வாரத்துல ரெண்டு மூணு நாள் பேப்பர்ல இருந்து ஈரோடு மஞ்சள் மார்க்கெட் விலையும், இன்னும் நாலு செய்தியும் படிச்சு, போன்ல பதிவு பண்ணி அனுப்பறா. என் பழைய போன் ஒண்ணு டேஷ்போர்டு பெட்டியில லைசென்ஸ் புஸ்தகத்துக்குப் பக்கத்துல இருக்குது. அதுல நான் போட்டு விட்டுட்டு வந்துடுவேன். அது மட்டும் இன்னும் என் வேலைதான், அதை அவரே செய்யற மாதிரி ஒரு வழி கிடைக்கலை. கோயம்புத்தூர் ஸ்டேஷன்ல நிகழ்ச்சி முடிஞ்சதும் பொத்தானை அழுத்துவார். பேத்தி பேசுவா. "அப்பாரு, இன்னைக்கு விரலி மஞ்சள் விலை..."ன்னு ஆரம்பிப்பா. அவர் டேஷ்போர்டைப் பார்த்து, "சத்தமாப் படி கண்ணு"ன்னு சொல்லிட்டுத் தானே குமிழைத் திருப்பிச் சத்தம் வெச்சுக்குவார். அவளுக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியும். நாங்க யாரும் அதைச் சொல்றதில்லை. ஊர்ல யாராவது கேட்டா, "சிலோன் ஸ்டேஷன்ல இப்ப எம் பேத்தி பேசறா"ன்னு சொல்றார்.

முதல் தடவை மச்சினன் வெச்ச போர்டு சும்மா கிடக்கலை. அதை டிராக்டர்ல வெச்சாச்சு, நல்லாப் பாடுது. புதுசு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காட்டுல சொட்டு நீர் போட்டிருக்கேன், மோட்டாரைப் போன்ல இருந்து போடறேன். மாத்தறப்போ கேக்க வேண்டிய கேள்வியை ஒரு தடவை தப்பாக் கேட்டுட்டேன், அவ்வளவுதான். 'பார்க்கறதுக்குப் பழைய மாதிரி இருக்குதா?'ன்னு கேட்டேன். 'இதைத் தொடறவங்களுக்குத் தெரியுதா?'ன்னு கேட்டிருக்கணும்.

அந்தச் சென்னை நண்பருக்கு இதுதாங்க பதில். உள்ளே எல்லாம் பழையபடி இல்லை. ஸ்பீக்கர் புதுசு, கண்டன்சர் புதுசு, சிற்றலைக்குள்ள புளூடூத். ஆனா கை வெச்சா அது எங்க வண்டிதான்.

ஒரே ஒரு கஷ்டம். போன வாரம் பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சு. அப்பாதான் ரேடியோவை அணைக்க மறந்துட்டார்னு நினைச்சுக் கேக்கப் போனேன். "நான் டிக் சத்தம் கேக்காம இறங்கினதே இல்லை"ன்னார். போய்ப் பார்த்தா, பெட்டிக்குள்ள இருக்கிற போனுக்கு நான் தனியா இழுத்துக் கொடுத்திருந்த சார்ஜர் கம்பி. நான்தான் அணைக்காம வந்திருக்கேன். அதுல டிக் இல்லையே.

இதை எழுதிக்கிட்டு இருக்கிறப்போ மழை கொஞ்சம் வலுத்திருக்குது. சாளையில இருந்து செய்தி வாசிக்கிற குரல் மழைக்கு நடுவுல விட்டு விட்டுக் கேக்குது. இப்போ நின்னுடுச்சு. டிக் சத்தம் திண்ணை வரைக்கும் கேக்காதுதான். ஆனா எனக்குத் தெரியும், அணைச்சுட்டார். குடை எடுத்துட்டுப் போகணும். சாப்பாட்டு நேரம் ஆச்சு.